ரோடினல்: ஆண்ட்ரேசனின் கரைசலை இன்றும் வாங்கலாமா?

கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவுகிறவர் ஒரே ஒரு டெவலப்பரைத்தான் (ஃபிலிமில் பதிந்த படத்தைக் கண்ணுக்குத் தெரியவைக்கும் கரைசலைத்தான்) வைத்துக்கொள்ள முடியும் என்றால், வேகம் குறைந்த, அதாவது ஒளியுணர்வு குறைந்த ஃபிலிம்களை விரும்புகிறவருக்கு நான் ரோடினலைத்தான் சொல்வேன். ஐஎஸ்ஓ 400 போன்ற வேகமான ஃபிலிமை 35 மில்லிமீட்டர் கேமராவில் போட்டு, வழவழப்பான முகங்களை எதிர்பார்க்கிறவருக்குச் சொல்ல மாட்டேன். அவசரமாகத் தீர்ப்பு மட்டும் தேவைப்படுகிறவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இந்தப் புட்டியை உருவாக்கியவர் யார், ஏன் இப்படி உருவாக்கினார் என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் அதன் குணமும் குறையும் தெளிவாகப் புரியும். நான் கல்லூரியில் கரிம வேதியியல் கற்பித்தவள். அதனால் அந்த வழியாகவே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

மோம்மே ஆண்ட்ரேசன் 1857இல் ரிசும் என்ற ஊரில் பிறந்தார். வட கடலோரத்தில் இருக்கும் வட ஃபிரிசியப் பகுதி அது. வேதியியல் படித்துச் சாயத் தொழிலுக்குள் நுழைந்த அவர், 1887இல் பெர்லினில் ஆக்ஃபா நிறுவனத்தில் சேர்ந்தார். அன்றைக்கு ஆக்ஃபா என்றால் புகைப்படம் அல்ல, அனிலின் சாயம். இசையமைப்பாளர் ஃபெலிக்ஸ் மெண்டல்சோனின் மகன் பால் மெண்டல்சோன் பார்த்தோல்டியும், வேதியியலாளர் கார்ல் அலெக்சாண்டர் மார்ட்டியஸும் 1867இல் பெர்லினை ஒட்டிய ரும்மெல்ஸ்பர்க்கில் தொடங்கிய சாயத் தொழிற்சாலையின் வழிவந்த நிறுவனம் அது. பருத்திக்கும் கம்பளிக்கும் நிறம் ஏற்றுவதற்கான இடைநிலைப் பொருட்கள் அங்கே ஜாடி ஜாடியாக இருந்தன. மற்றவர்கள் சாயமாக மட்டுமே பார்த்த அந்த ஜாடிகளுக்குள் ஆண்ட்ரேசன் டெவலப்பரைத் தேடினார். அவருடைய வாழ்க்கைப் பணியை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

அந்தத் தேடல் எவ்வளவு தேவையாக இருந்தது என்பதை உணர, 1880களின் இருட்டறையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1871இல் ரிச்சர்ட் மேடக்ஸ் ஜெலட்டின் உலர் தகட்டுக்கு, அதாவது ஒளியுணர் பூச்சை முன்கூட்டியே பூசி உலர்த்திய கண்ணாடித் தகட்டுக்கு, வழி காட்டியிருந்தார். பத்தாண்டுக்குள் அந்தத் தகடுகள் கடைச் சரக்காகிவிட்டன. படம் எடுப்பது எளிதாகிவிட்டது, கழுவுவது எளிதாகவில்லை. அப்போது பெரும்பாலோர் நம்பியிருந்தது பைரோகலால். கரைத்து வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துக் கறுத்துப்போகும் பொருள் அது. அதனால் ஒரு கரைசலைத் தனியாகவும் காரத்தைத் தனியாகவும் வைத்திருந்து, தகட்டைக் கையில் எடுக்கும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். எடை பார்க்கத் தராசு வேண்டும். விரல்களில் ஏறும் பழுப்புக் கறை எளிதில் போகாது. இரும்பு ஆக்சலேட் டெவலப்பரும் இருந்தது, ஆனால் அதையும் புதிதாகக் கலந்தாக வேண்டும். ஹைட்ரோகுவினோன் படத்தை எழுப்பும் என்று 1880இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஏப்னி காட்டியிருந்தாலும், கலக்கும் வேலை அதனால் குறைந்துவிடவில்லை.

ஆக்ஃபாவில் சேர்ந்த அடுத்த ஆண்டே, 1888இல், ஆண்ட்ரேசன் பாரா-ஃபெனிலீன்டையமீன் ஒரு டெவலப்பர் என்று கண்டார். 1889இல் ஐகோனோஜன் என்ற பெயரில், நாஃப்தலீனிலிருந்து பெற்ற ஒரு டெவலப்பர் விற்பனைக்கு வந்தது. 1891 ஜனவரி 27 தேதியிட்ட காப்புரிமையோடு வந்ததுதான் ரோடினல். அதன் உயிர் பாரா-அமினோபீனால். அதுவும் சாயத் தொழிலின் ஜாடியிலிருந்து வந்ததே.

இங்கே சற்று நின்று சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஒரு நல்ல பொருளைக் கண்டுபிடித்ததோடு ஆண்ட்ரேசன் நின்றிருந்தால் அவர் ஒரு கெட்டிக்காரத் தொழிற்சாலை வேதியியலாளர், அவ்வளவுதான். எது டெவலப்பர் ஆகும், எது ஆகாது என்பதற்கு அவர் ஒரு விதியையே கண்டார். பென்சீன் வளையத்தில் இரண்டு ஹைட்ராக்சில் குழுக்களோ, இரண்டு அமினோ குழுக்களோ, ஒவ்வொன்றில் ஒன்றோ இருக்க வேண்டும். அவை அடுத்தடுத்தோ நேர் எதிரெதிரோ அமர்ந்திருக்க வேண்டும். ஓரிடம் தள்ளி அமர்ந்தால் பயனில்லை. அதே 1891இல் பிரான்சில் லூமியேர் சகோதரர்களும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள். இந்த விதியை வகுப்பில் சொற்களால் நடத்துவதைவிடச் செய்து காட்டுவது எனக்குப் பிடிக்கும். கேட்டிகால், ரிசார்சினால், ஹைட்ரோகுவினோன் மூன்றுக்கும் மூலக்கூறு வாய்பாடு ஒன்றுதான், அணுக்களின் எண்ணிக்கையில் துளி வேறுபாடு இல்லை. மூன்றையும் சோடாக் கரைசலில் கரைத்து, வெளிச்சம் பட்ட புகைப்படத்தாளின் துண்டுகளை நனைத்தால், இரண்டில் தாள் கறுக்கும். ரிசார்சினாலில் அது வெளுத்தே கிடக்கும். பின் வரிசையில் கவனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் மாணவிகூட எழுந்து வந்து ஏன் என்று கேட்ட பாடம் அது.

சரி, புட்டிக்கு வருவோம்.

இன்று நான் வாங்குவது அடாக்ஸ் நிறுவனம் விற்கும் ரோடினல். ஆக்ஃபாவின் லெவர்குசன் ஆலை கடைசியாகப் பின்பற்றிய, 2004ஆம் ஆண்டுச் செய்முறைப்படி தயாரிப்பதாக அவர்கள் சொல்கிறார்கள். அடோனல் என்ற பெயரிலும் இதே சரக்கைப் பார்க்கலாம். வணிகப் பெயர் உரிமையால் வந்த மாற்றம் அது, பெயரைக் கண்டு குழம்ப வேண்டாம். ஆர்09 என்ற பெயரில் கிடைப்பதும் இதே குடும்பம்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆக்ஃபா இரண்டாகப் பிரிந்தது. வோல்ஃபன் ஆலை கிழக்கு ஜெர்மனியிலும் லெவர்குசன் மேற்கிலும் அமைந்தன. கிழக்கு வழியில் பிழைத்துவந்த பழைய செய்முறைதான் ஆர்09 என்று பெயர் பெற்றது. 2005இல் ஆக்ஃபாஃபோட்டோ நொடித்துப்போனபோதும் ரோடினல் சாகவில்லை. ஒரு பேரரசு, ஒரு குடியரசு, இரண்டு போர்கள், ஒரு பிரிவினை, ஒரு திவால் எல்லாவற்றையும் கடந்து ஒரு கரைசல் விற்பனையில் நிற்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்க்கிறது.

இவ்வளவு காலம் அது நின்றதற்குக் காரணம் வெறும் பற்று அல்ல, வேதியியல். பாரா-அமினோபீனால் நடுநிலையான நீரில் அதிகம் கரையாது. ஆண்ட்ரேசன் அதைச் சல்ஃபைட்டின் துணையோடு கடுமையான காரத்தில் கரைத்தார். கரையாத பாரா-அமினோபீனால் முதலில் வீழ்படிவாக வந்து, மேலும் காரம் சேர்க்கச் சேர்க்க மறுபடி கரைகிறது. அது முழுவதும் கரையும் எல்லையில் நிறுத்துவதுதான் கைத்திறன். இப்படிச் செய்தால் மிகக் குறைந்த கொள்ளளவில் மிகுந்த டெவலப்பரை அடைத்துவிடலாம். செறிவு அவ்வளவு அதிகமாக இருப்பதால் கெட்டுப்போவதும் மிக மெதுவாகவே நடக்கிறது. புதிய புட்டியில் வெளிர் மஞ்சளாக இருக்கும் கரைசல், திறந்து மாதங்கள் ஆக ஆகக் கடுங்காப்பி நிறத்துக்குப் போகும். பயந்து கொட்டிவிடாதீர்கள். வேறு எந்த டெவலப்பராவது இந்த நிறத்துக்கு வந்தால் நான் சாக்கடைக்குத்தான் அனுப்புவேன், ரோடினலை மட்டும் அப்படியே சிரிஞ்சில் உறிஞ்சித் தொட்டியில் விடுவேன். அடியில் படிகங்கள் தெரிந்தாலும் கவலை இல்லை, குளிரில் சல்ஃபைட் பிரிந்து நிற்பதுதான் அது.

வீட்டில் எப்போதாவது மட்டும் ஃபிலிம் கழுவுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. கோடாக்கின் டி-76 போன்ற தூள் டெவலப்பரை ஒரு லிட்டர் கரைத்து வைத்துவிட்டால், அது பழுதாவதற்குள் ஃபிலிம் எடுத்துத் தீர்க்க வேண்டும் என்ற நெருக்கடி வந்துவிடும். ரோடினலில் அது இல்லை. ஆறு மில்லியை எடுத்து 300 மில்லி தண்ணீரில் ஊற்றினால் 1+50 விகிதம், அதாவது ஒரு பங்குக்கு ஐம்பது பங்கு தண்ணீர், தயார். ஒரு சுருளைக் கழுவிவிட்டுக் கொட்டிவிடலாம். 500 மில்லிப் புட்டி ஒன்றில் இந்தக் கணக்குப்படி எண்பது சுருளுக்கு மேல் கழுவலாம். தராசும் கலவையும் இல்லாமல் ஒரு சாதாரண மனிதர் தன் படத்தைத் தானே கழுவ வேண்டும் என்பதுதான் 1891இல் ஆண்ட்ரேசன் தீர்க்க முயன்ற கேள்வி. அவருடைய விடை இன்றும் அப்படியே வேலை செய்கிறது.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்தாறு மில்லியை அளவு ஜாடியில் அளக்காதீர்கள், ஊசி இல்லாத பத்து மில்லி சிரிஞ்சு போதும். அரை மில்லி கூடினாலும் குறைந்தாலும் இங்கே விகிதம் கணிசமாக மாறிவிடும். எவ்வளவு தண்ணீர் கலந்தாலும், 36 படச் சுருள் ஒன்றுக்கு மூலக் கரைசலில் ஐந்து மில்லிக்குக் குறைய நான் விடுவதில்லை. அதற்குக் கீழே போனால் நெகட்டிவ் மெலிந்து வருவதற்கு இடம் உண்டு.

கையுறை கட்டாயம். புட்டியில் இருப்பது மிகக் கடுமையான காரம். கண்ணில் தெறித்தால் என்ன ஆகும் என்பதை ஆய்வகத்தில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். பாரா-அமினோபீனால் சிலருக்குத் தோல் ஒவ்வாமையையும் உண்டாக்கும். ஒருமுறை ஒரு விற்பனையாளர் மூடியைச் சரியாக இறுக்காமல் அனுப்பிய பொட்டலம், உள்ளே அட்டையெல்லாம் பழுப்பாக ஊறி வந்து சேர்ந்தது. பொட்டலத்தைத் திறக்கும்போதே கையுறை போட்டுக்கொள்ளச் சொல்வது அதனால்தான்.

படம் எப்படி வரும்?

கூர்மையாக வரும். ரோடினலின் புகழும் அதன் மீதான புகாரும் ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன. டி-76இல் ஒரு லிட்டருக்கு 100 கிராம் சல்ஃபைட் இருக்கிறது. அவ்வளவு சல்ஃபைட் வெள்ளித் துகள்களின் விளிம்பைச் சற்றே கரைத்து மழுக்கிவிடும். கிரெய்ன் (படத்தில் தெரியும் துகள்தன்மை) அடங்கித் தெரியும், அத்துடன் கூர்மையும் ஒரு சிட்டிகை குறையும். ஐம்பது மடங்கோ நூறு மடங்கோ நீர்த்த ரோடினலில் சல்ஃபைட் மிகக் கொஞ்சம். துகள் கரைவதில்லை, உள்ளது உள்ளபடி நிற்கிறது. அதோடு, நீர்த்த கரைசலில் வெளிச்சப் பகுதியை ஒட்டிய டெவலப்பர் விரைவாகத் தீர்ந்துபோவதால், வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் கோட்டில் வேறுபாடு கூடுகிறது. கண் அதைக் கூர்மையாக உணர்கிறது.

என் தம்பியின் பட்டறையில் எடுத்த படங்கள் இதற்கு நல்ல சான்று. இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ், ஐஎஸ்ஓ 125, 1+50 விகிதத்தில் 20 டிகிரியில் 15 நிமிடம். லேத் எந்திரத்திலிருந்து சுருண்டு விழும் இரும்புச் சீவல்களின் ஒவ்வொரு விளிம்பும் தனித்தனியாக நிற்கிறது. எண்ணெய் ஊறிய மேசையின் மரக்கோடுகளை எண்ணிவிடலாம். தம்பியின் கை நரம்புகளும் நகக்கண்ணில் அடைந்த கரியும், நேரில் பார்த்தபோது நான் கவனிக்காத அளவுக்குத் தெரிகின்றன. அதே ஃபிலிமில் அவனுடைய மகளை எடுத்த படம் எனக்கு அவ்வளவாகத் திருப்தி தரவில்லை. ஐந்து வயதுக் குழந்தையின் கன்னத்தில் அத்தனை நுணுக்கம் தேவைப்படவில்லை.

வேகமான ஃபிலிமுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. இல்ஃபோர்டின் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமான எச்பி5 பிளஸை 1+50இல் 11 நிமிடம் கழுவலாம். ஆனால் 35 மில்லிமீட்டர் நெகட்டிவைப் பெரிதாக்கும்போது வானத்தில் கிரெய்ன் மண் தூவியதாகத் தெரியும். இதை விரும்புகிறவர்கள் உண்டு, தெருப் படங்களில் எனக்கும் பிடிக்கும். ஆனால் ரோடினல் கிரெய்னை உண்டாக்கவில்லை, ஃபிலிமில் இருப்பதை மறைக்காமல் காட்டுகிறது என்பதைப் புதிதாக வருகிறவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். 35 மில்லிமீட்டரைவிடப் பெரிய 120 அளவு ஃபிலிம் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

உண்மையான குறை ஒன்று உண்டு. நிழல் பகுதிகளில் ரோடினல் கஞ்சத்தனம் செய்யும். பெட்டியில் போட்டிருக்கும் ஐஎஸ்ஓ எண்ணை அப்படியே நம்பி எடுத்தால், இருண்ட மூலைகளில் விவரம் இல்லாமல் போகும். ஐஎஸ்ஓ 125 ஃபிலிமை நான் 80 என்று வைத்தே அளக்கிறேன். ஃபிலிமின் வேகத்தைக் கூட்டிக் கழுவும் வேலைக்கு, அதாவது 400ஐ 1600 ஆக்குவதற்கு, தயவுசெய்து ரோடினலைத் தொடாதீர்கள். அதற்கென்றே வேறு டெவலப்பர்கள் இருக்கின்றன.

வெப்பநிலையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். குழாய்த் தண்ணீரே 20 டிகிரியைத் தாண்டிவிடுகிற இடங்களில் கழுவும் நேரத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். 1+25 விகிதத்தில் எச்பி5 பிளஸுக்கு 20 டிகிரியிலேயே ஆறு நிமிடம்தான். அதிலும் குறைத்தால் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போய், படம் திட்டுத்திட்டாக வரும் ஆபத்து உண்டு. அதனால் வெப்பமான நாட்களில் 1+50 அல்லது 1+100தான் சரி. நேரம் நீளமாக இருப்பதால் குறைப்பதற்கு இடம் இருக்கிறது.

1+100 என்றதும் அசையாமல் கழுவும் முறையைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் நிமிடம் தொட்டியை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திவிட்டு, பிறகு ஒரு மணி நேரம் தொடாமல் விட்டுவிடுவது. வெளிச்சப் பகுதிகளில் டெவலப்பர் தீர்ந்து தானே நின்றுவிடும், நிழல் பகுதிகளில் மெல்ல வேலை நடந்துகொண்டிருக்கும். ஜன்னலும் இருண்ட அறையும் ஒரே சட்டத்தில் வரும் படங்களுக்கு இது அற்புதமாகப் பொருந்துகிறது. என்ன எக்ஸ்போஷரில் எடுத்தோம் என்று மறந்துபோன பழைய சுருளுக்கும் இதுவே நல்ல வழி. ஆனால் எல்லாச் சுருளையும் இப்படிக் கழுவச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்கவில்லை. அசையாத கரைசலில், கழுவும்போது ஃபிலிமிலிருந்து வெளியாகும் புரோமைடு கீழ்நோக்கி வழிந்து, 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் ஓரத் துளைகளையொட்டிக் கோடுகள் விழலாம். ஒரே சீரான வானம் உள்ள படத்தில் அது கண்ணை உறுத்தும். நடுவில் அரை மணிக்கு ஒருமுறை மெதுவாகக் கவிழ்த்துவிட்டால் பெருமளவு தப்பிக்கலாம்.

பாராசிட்டமால் மாத்திரையிலிருந்து ரோடினலைப் போன்ற ஒன்றை வீட்டில் தயாரிப்பவர்கள் இருக்கிறார்கள். வேதியியல்படி அது சரியே. பாராசிட்டமால் என்பது ஓர் அசெட்டைல் குழு சேர்ந்த பாரா-அமினோபீனால்தான். கடுங்காரம் அந்தக் குழுவைப் பிரித்துவிடும். ஆனால் காரத்தைக் கையாண்டு பழகாதவர்கள் சமையலறையில் இதைச் செய்வதை நான் விரும்பவில்லை. சில மில்லிகளில் தீரும் வேலைக்குப் புட்டியை வாங்குவதே மேல்.

ரோடினலை மட்டும் வைத்து ஆண்ட்ரேசனை அளந்தால் அது அவருக்குச் செய்யும் அநீதி. 1888இல் அவர் கண்ட பாரா-ஃபெனிலீன்டையமீன் கறுப்பு வெள்ளையில் பெரிய வாழ்வு வாழவில்லை. ஆனால் 1911, 1912 ஆண்டுகளில் அதே பெர்லினில் ருடால்ஃப் ஃபிஷர், அந்தக் குடும்பத்து டெவலப்பர் ஆக்சிஜனேற்றம் அடையும்போது வேறொரு பொருளோடு இணைந்து சாயமாக மாறும் என்று காட்டினார். 1936இல் வந்த ஆக்ஃபாகலர் என்ற கலர் ஃபிலிம் இந்த வழியில்தான் நிறத்தைப் பெற்றது. இன்று எந்தக் கடையில் கலர் நெகட்டிவைக் கழுவக் கொடுத்தாலும், சி-41 என்ற வழக்கமான கலர் கழுவுமுறையின் டெவலப்பர் தொட்டியில் இருப்பது பாரா-ஃபெனிலீன்டையமீனின் வழித்தோன்றல்தான். சாயத் தொழிற்சாலையில் தொடங்கிய பொருள் சாயமாகவே படத்துக்குள் திரும்பி வந்தது. ஆண்ட்ரேசன் 1951வரை வாழ்ந்தார். புகைப்பட வரலாறு எழுதுகிறவர்கள் லென்ஸ் செய்தவர்களுக்கும் கேமரா விற்றவர்களுக்கும் ஒதுக்கும் பக்கங்களில் நாலில் ஒரு பங்கையாவது இவருக்குத் தந்திருக்கலாம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

முதல்முறை வாங்குகிறவர்கள் 100 மில்லிப் புட்டியில் தொடங்கலாம். 1+50 கணக்கில் பதினாறு சுருள்வரை கழுவலாம். உங்கள் கண்ணுக்கு அந்தக் கூர்மை பிடிக்கிறதா என்று முடிவுசெய்ய அது தாராளம். பிடித்துவிட்டால் அடுத்தது 500 மில்லியாக வாங்குங்கள். பாதி காலியானதும் சிறிய கண்ணாடிப் புட்டிகளில் விளிம்புவரை நிரப்பி, தேதி எழுதி ஒட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.